கரிய கிண்ணமும் வெண்ணுரையும்

அண்மையில் எங்கள் தோட்டப் பள்ளியின் பின்புறத்தில் காய்கறிப் பாத்தி அமைப்பதற்காக மாணவர் மண்ணைக் கொத்தியபோது பழைய மங்கு ஒன்று அகப்பட்டது. பால்மரத்தில் கம்பியிட்டுக் கட்டி, வடியும் பாலை ஏந்துவதற்கு வைத்த சிறு கிண்ணமே அது. இன்று எங்கள் தோட்டத்தில் செம்பனையே நிற்கிறது. ஆதலால் ஆறாம் ஆண்டு மாணவருள் ஒருவருக்கேனும் அஃது இன்னதென்று தெரியவில்லை. கழுவித் துடைத்து மேசைமீது வைத்ததும் ஒரு மாணவி, "ஐயா, உள்ளே மட்டும் கண்ணாடிபோல் பளபளப்பாக இருக்கிறதே, அடியில் மட்டும் ஏன் வெறும் மண்ணாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. வெறும் மண்ணில் பால் இறுகினால் அது நுண்துளைகளில் ஊறிப் பற்றிக்கொள்ளும். மறுநாள் சுரண்டி எடுக்க முடியாது. கண்ணாடிபோன்ற பரப்பில் இறுகிய கட்டிப்பாலோ, விரலால் இழுத்தவுடன் உரிந்து வந்துவிடும். ஆகவே உள்ளே பூச்சு வேண்டும். அடியில் அப்பூச்சு இருந்தால், சூளையில் அஃது உருகிக் கீழே உள்ள தட்டோடு கிண்ணத்தை ஒட்டிவிடும். ஆகவே அடியில் பூச்சு கூடாது. மங்கின் தோற்றத்தில் நாம் காணும் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு ஒரு காரணம் உண்டு.

இத்தகைய மங்குகளைத் தோட்டங்களுக்குச் சுட்டு அனுப்பியவை, தென்சீனக் குயவர் இங்கு வந்து மலைச்சரிவுகளில் கட்டிய நீண்ட 'டிராகன் சூளை'களாகும். சிங்கப்பூரின் ஜாலான் பஹார் வட்டாரத்தில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அத்தகைய சூளை ஒன்று இன்றும் நிற்கிறது. அந்தச் சூளைகளின் மரபைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீன நாட்டின் பூஜியன் மாநில மலைகளில் தேநீர் அருந்துவதற்கென்று செய்யப்பெற்ற கரிய கிண்ணங்களைக் காணலாம். 'ஜியன் கலம்' எனப்படும் அவை இன்று உலகின் பெரிய பொருட்காட்சிச் சாலைகளில் விலைமதிப்பற்ற செல்வங்களாக வைக்கப்பெற்றுள்ளன. ஆயினும் அவற்றையும் அம்மாணவி கேட்ட கேள்வியைக் கேட்டே நாம் சரியாக அறிய முடியும். இக்கலம் எதற்காக இவ்வாறு செய்யப்பட்டது? அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

மண்கலமும் கற்கலமும்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். நம் வீடுகளில் பொங்கலுக்கு வாங்கும் பானை, தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட மண்கலம். அதன் சுவரில் நுண்துளைகள் உண்டு, நீர் கசியும். தக்க களிமண்ணை எடுத்து 1200 முதல் 1300 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சுட்டால், மண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துவிடும். அப்போது கலம் கல்போல் இறுகும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நீர் புகாது. இதனைக் கற்கலம் எனலாம். வெண்மையான களிமண்ணால் செய்து, ஒளி ஊடுருவும்படி மெலிதாகச் சுட்டது பீங்கான். 'பீங்கான்' என்னும் சொல் கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்ததாகும். தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் மலாய்ச் சொல்லும் அதே குடும்பத்தது என்பது இந்நாட்டுத் தமிழாசிரியர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

கலத்தின்மேல் உள்ள பளபளப்பான பூச்சு வண்ணம் அன்று, அது கண்ணாடியே. களிமண்ணையும் மரச்சாம்பலையும் நீரிற் கரைத்து, அக்குழம்பில் கலத்தை முக்கிச் சூளையில் வைப்பர். மண் மட்டும் எளிதில் உருகாது. சாம்பலில் உள்ள சுண்ணச் சத்து அதனை உருகச் செய்யும். ஆறியபின் அஃது ஒரு மெல்லிய கண்ணாடித் தோலாகக் கலத்தைப் போர்த்திக்கொள்ளும். இதனை இங்கு மெருகுப்பூச்சு என்று குறிப்போம். பூச்சில் இரும்பு சிறிதளவே இருந்து, சூளையில் காற்றும் குறைவாக இருந்தால் பசுமை நிறம் தோன்றும். இரும்பு மிகுந்தால் கபிலமும் கருமையும் தோன்றும். ஜியன் கலத்தின் பூச்சில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை இரும்பு ஆக்சைடு உண்டு. கலத்தின் மண்ணும் இரும்பு மிகுந்ததே. உடைந்த துண்டைப் பார்த்தால் உட்புறம் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும்.

பானம் நிறத்தைத் தேர்ந்தது

கிண்ணம் ஏன் கருமையாக இருக்க வேண்டும்? இதற்கு விடை காண, அக்காலத்தார் அருந்திய தேநீரை அறிய வேண்டும். 'தே' என்று நாம் வழங்கும் சொல்லே பூஜியன் மாநிலத்தின் தென்கரை மக்கள் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. நம் அண்டை வீட்டாராகிய ஹொக்கியன் சீனரின் முன்னோர் நாடு அதுவே. 'பூஜியன்' என்னும் பெயரை அவர்கள் தம் வாயால் சொல்லும் முறையே 'ஹொக்கியன்'.

எட்டாம் நூற்றாண்டில், தாங் அரச மரபின் காலத்தில், லூ யூ என்பார் தேயிலையைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்று எழுதினார். அவர் கிண்ணங்களைத் தரம் பிரிக்கும்போது, பசுமை நிறப் பூச்சுடைய யூவே நாட்டுக் கலத்தையே உயர்த்திப் பேசுகிறார். அன்றைய தேநீர் செந்நிறச் சாயல் உடையது. பச்சைக் கிண்ணத்தில் அது பசுமையாகத் தோன்றிற்று. வெள்ளைக் கிண்ணத்திலோ சிவந்து தோன்றிற்று. சிவந்து தோன்றுவதை அவர் விரும்பவில்லை.

அடுத்து வந்த சொங் அரச மரபின் காலத்தில் (கி.பி. 960–1279) பானமே மாறிவிட்டது. தேயிலையை அவித்துப் பிழிந்து அச்சிலிட்டுக் கட்டிகளாக்கினர். அருந்த வேண்டியபோது கட்டியை அனலில் வாட்டி, உடைத்து, சிறு எந்திரத்தில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து மாவாக்கினர். அம்மாவைக் கிண்ணத்தில் இட்டு, நீண்ட மூக்குடைய கெண்டியிலிருந்து வெந்நீரைச் சிறிது சிறிதாக வார்த்து, மூங்கிலைக் கீறிச் செய்த மத்தினால் கடைந்தனர். நம் தாய்மார் மோர் கடைவதை நினைவில் கொண்டால் இது விளங்கும். அவ்வாறு கடைய, மேலே வெண்ணுரை திரண்டு எழும். அந்நுரை எவ்வளவு வெண்மையாக இருக்கிறதோ அவ்வளவு உயர்வு.

இதில் போட்டியும் நடந்தது. இருவர் எதிரெதிரே அமர்ந்து கடைவர். யாருடைய நுரை கிண்ணத்தின் விளிம்பை நெடுநேரம் பற்றி நிற்கிறதோ அவர் வென்றவர். நுரை விலகி எவர் கிண்ணத்தில் முதலில் நீர்க்கோடு தோன்றுகிறதோ அவர் தோற்றவர். வெள்ளை நுரை விலகுவதை வெள்ளைக் கிண்ணத்தில் காண முடியுமா? கரும்பலகையில் வெண்சுண்ணக் கட்டியால் நாம் எழுதுவது எக்காரணம் பற்றியோ, அக்காரணம் பற்றியே அவர்கள் கரிய கிண்ணத்தை நாடினர்.

நூல்கள் கூறும் சான்று

இது நாமாகக் கற்பிக்கும் காரணம் அன்று. பூஜியனிற் பிறந்தவரும், சிறந்த கையெழுத்துக் கலைஞரும், அரசு அதிகாரியுமான சாய் சியாங் (1012–1067) தேயிலை பற்றி எழுதிப் பேரரசருக்கு அளித்த சிறு நூலில் இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். தேநீர் வெண்ணிறமாதலின் கரிய கிண்ணமே ஏற்றது என்றும், ஜியன் நாட்டுக் கிண்ணம் முயல்மயிர்போன்ற கோடுகளை உடையது என்றும் அவர் குறிக்கிறார். அதன் சுவர் சற்றுத் தடித்தது. ஆகவே ஒருமுறை சூடேற்றினால் எளிதில் ஆறாது. கிண்ணம் குளிர்ந்திருந்தால் தேயிலை மாவு மேலே மிதவாது. ஆதலால் கடைவதற்கு முன் கிண்ணத்தைச் சூடாக்க வேண்டும் என்பதும் அவர் தரும் அறிவுரை.

அவருக்குப் பின்னர், 1107ஆம் ஆண்டை ஒட்டி, பேரரசர் ஹுய்சொங் தாமே தேயிலை பற்றி ஒரு நூல் எழுதினார். அவரும் நீலம் பாய்ந்த கருமையையும் முயல்மயிர்க் கோடுகளையும் பாராட்டுகிறார். ஓவியத்திலும் கவிதையிலும் வல்லவராகிய அப்பேரரசர் நாட்டைக் காக்கும் கலையில் வல்லவராக இல்லை. 1127இல் பகைவரால் சிறைப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டுச் சிறையிலேயே மறைந்தார். எனினும் அவர் விரும்பிய கிண்ணத்தின் புகழ் மறையவில்லை. அடியில் 'அரசர் பயன்பாட்டுக்குரியது' என்னும் பொருள் தரும் சீன எழுத்துகள் பொறித்த துண்டுகள் அச்சூளை இடங்களில் கிடைத்துள்ளன.

கிண்ணத்தின் வடிவையும் நோக்குவோம். வாய் அகன்று, அடி குறுகி, ஏறக்குறைய கூம்புபோல் இருக்கும். வாயின் குறுக்களவு பெரும்பாலும் 12 சென்டிமீட்டர் அளவினது. இரு கைகளாலும் ஏந்தலாம். விளிம்பிற்குச் சற்றுக் கீழே விரல் பதியும்படி ஓர் ஒடுக்கம் சுற்றிவரும். அஃது உட்புறத்தில் நீரின் அளவைக் காட்டவும் நுரை வழியாமல் தடுக்கவும் உதவியது எனக் கருதுவர். பூச்சு உருகிக் கீழே இறங்குவதால் விளிம்பில் மெலிந்து சொரசொரப்பாக இருக்கும். உதட்டை உறுத்தாதிருக்கச் சில கிண்ணங்களின் விளிம்பில் வெள்ளி முதலிய உலோகப் பட்டை கட்டினர். வெளிப்புறத்தில் பூச்சு அடிவரை செல்லாமல், தடித்த மடிப்பாகவோ தொங்கும் துளியாகவோ நின்றுவிடும். அடி வெறும் மண்ணாகவே இருக்கும். எங்கள் பள்ளி மங்கின் அடியும் அவ்வாறே இருந்தது.

நெருப்பு எழுதிய கோடுகள்

இனி, முயல்மயிர்க் கோடுகள் எவ்வாறு தோன்றின என்று பார்ப்போம். அவற்றை எந்தத் தூரிகையும் தீட்டவில்லை.

பூஜியனின் வடபகுதியில், ஜியன்யாங் நகரை அடுத்த ஷுயிஜி என்னும் ஊரின் குன்றுகளில் இச்சூளைகள் இருந்தன. சரிவின் அடியில் தீமூட்டினால், புகைபோக்கியில் ஏறுவதுபோல் அனல் சூளையின் உடல் முழுதும் ஏறிச் செல்லும். பக்கவாட்டுத் துளைகளின் வழியே இடையிடையே விறகிடுவர். அகழ்ந்து காணப்பெற்ற சூளைகளுள் ஒன்று 135 மீட்டருக்கும் நீளமானது. அதில் ஒரே முறையில் ஓர் இலட்சம் கிண்ணங்கள்வரை சுட்டிருக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். சாம்பலும் புகையும் படாதபடி ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனி மண் உறைக்குள் வைத்து, உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர்.

வெப்பம் 1300 பாகையை நெருங்கும்போது பூச்சு தேன்போல் உருகுகிறது. அப்போது ரசத்தில் எண்ணெய் பிரிந்து மிதப்பதுபோல், இரும்பு மிகுந்த நுண்துளிகள் உருகிய கண்ணாடியினின்று பிரிகின்றன. கூழ் கொதிக்கையில் எழும்புவதுபோன்ற குமிழிகள் அவ்விரும்பை மேற்பரப்புக்குக் கொண்டு வருகின்றன. அங்கே புள்ளிகளாக நின்ற நிலையில் கலம் ஆறினால், அவை 'எண்ணெய்த் துளி' எனப்படும் வெள்ளிநிறப் பொட்டுகளாகும். மேலும் வெப்பம் ஏறிக் கிண்ணத்தின் சரிவில் ஒழுகினால், மெல்லிய நீண்ட கோடுகளாகி முயல்மயிர் ஆகும். கௌதாரியின் இறகுப் புள்ளிகளுக்கு ஒப்பிட்டும் சிலவற்றை அக்காலத்தார் பேசினர்.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனை மேலும் விளக்கியது. பழைய ஜியன் துண்டுகளின் மேற்பரப்பை நுண்கதிர்களால் ஆராய்ந்தபோது, 'எப்சிலோன்' என்னும் அரிய வகை இரும்பு ஆக்சைடு அங்கே படிந்திருப்பதை அறிவியலார் கண்டனர். இக்காலத்து ஆய்வுக்கூடங்களில் தூய்மையாக உண்டாக்குவதற்கு மிகவும் கடினமான பொருள் அது. வேதியியல் என்ற சொல்லையே கேட்டறியாத குயவர் அதனைத் தம் சூளையில் ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் உண்டாக்கியுள்ளனர்.

அங்ஙனமாயின் அழகு முழுவதும் தற்செயலாக வந்ததா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. எந்தக் குன்றின் மண், எந்த மரத்தின் சாம்பல், பூச்சு எவ்வளவு தடிப்பு, எப்போது விறகிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பனவற்றையெல்லாம் அக்குயவர் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர். ஆயினும் சூளை மூடியபின் இறுதிச் சொல் நெருப்பினுடையது. சில பாகை வெப்பம் மிகுந்தால் பூச்சு ஒழுகிக் கிண்ணம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் பூச்சு உருகாது மங்கி நிற்கும். ஷுயிஜியில் இன்றும் காணப்படும் உடைந்த கிண்ணங்களும் உறைகளும் கலந்த மேடுகள், அக்குயவர் பட்ட இழப்பின் கணக்கு ஏடுகள் எனலாம். ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாவதன் துன்பத்தை, விடிய விடிய வெட்டிய பாலை மழை கரைத்துக்கொண்டு போவதைக் கண்ட நம் தோட்டத்து மக்கள் நன்கு உணர்வார்கள்.

பானம் மாறியது, கிண்ணம் மறைந்தது

சொங் மரபு வீழ்ந்து, மங்கோலியர் ஆட்சியும் கழிந்து, மிங் மரபு ஏற்பட்டது. அம்மரபின் முதற் பேரரசர் 1391ஆம் ஆண்டில், கட்டித் தேயிலையை அரண்மனைக்குத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தி, இலையாகவே அனுப்புமாறு ஆணையிட்டார். கட்டி செய்வதில் மக்கள் படும் பெருந்துன்பத்தைக் குறைப்பதே அதன் நோக்கமாகும். இலையை வெந்நீரில் ஊறவைத்து அருந்தும் முறை ஏற்கனவே மக்களிடம் பரவிவந்தது. ஆணைக்குப் பின் அதுவே நிலைபெற்றது. அதில் கடைதல் இல்லை, நுரையும் இல்லை. தெளிந்த தேநீரின் இளம்பச்சை நிறத்தைக் காண்பதற்கு வெண்பீங்கான் கிண்ணமே ஏற்றதாயிற்று. ஜியன் சூளைகளோ அதற்கு முன்னரே தளர்ந்து அணைந்துவிட்டன. அவற்றின் நுட்பமும் கைமாறுவாரின்றி மறைந்தது.

இவ்வாறு பச்சைக் கிண்ணம், கரிய கிண்ணம், வெள்ளைக் கிண்ணம் என மூன்று காலங்களில் மூன்று நிறங்கள் உயர்வு பெற்றன. ஒவ்வொரு முறையும் நிறத்தைத் தேர்ந்தது உள்ளே ஊற்றிய பானமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சீனத்தில் மறக்கப்பட்ட கிண்ணம் ஜப்பானில் போற்றப்பட்டது. செஜியாங் மாநிலத்தின் தியன்மு மலைக் கோயில்களில் பயின்ற ஜப்பானியத் துறவியர், அங்கு வழங்கிய கரிய கிண்ணங்களைத் தம்முடன் கொண்டு சென்றனர். அம்மலையின் பெயரை ஜப்பானியர் 'தென்மொகு' என ஒலிப்பர். அதுவே கிண்ணத்தின் பெயருமாயிற்று. தேயிலை மாவைக் கடைந்து அருந்தும் வழக்கமும் அங்கே நிலைத்தது. ஆகவே கிண்ணத்திற்கு வேலையும் இருந்தது, மதிப்பும் இருந்தது.

கரும்பரப்பில் விண்மீன்கள்போல் புள்ளிகள் தோன்றி, அவற்றைச் சுற்றி நீல ஒளி வளையமிடும் 'யோஹென்' வகைக் கிண்ணங்கள் முழுமையாக மூன்றே எஞ்சியுள்ளன. தோக்கியோவின் செய்காதோ காட்சியகத்திலும், ஒசாகாவின் பூஜிதா காட்சியகத்திலும், கியோத்தோவின் தைதொகுஜி கோயிலைச் சேர்ந்த ரியோகோயினிலும் அவை உள்ளன. மூன்றும் ஜப்பான் அரசு அறிவித்த தேசியச் செல்வங்கள். செய்த நாட்டில் ஒன்றேனும் இல்லையே என்று எண்ணியிருந்தபோது, 2009ஆம் ஆண்டில், தென் சொங் தலைநகராக விளங்கிய ஹாங்சோவில் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் அவ்வகைக் கிண்ணம் ஒன்று உடைந்த நிலையில் வெளிப்பட்டது.

சூளைகள் இருந்த இடமும் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. 1935இல் ஜேம்ஸ் மார்ஷல் பிளமர் என்னும் அமெரிக்க அறிஞர் ஷுயிஜிக்குச் சென்று, உடைந்த துண்டுகள் குவிந்த மேடுகளைக் கண்டு எழுதினார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனக் கைவினைஞரும் ஆய்வாளரும் கூடிப் பலமுறை சுட்டுப் பார்த்து முயல்மயிர்க் கிண்ணத்தை மீண்டும் உருவாக்கினர். இன்று அவ்வூரில் சூளைகள் மீண்டும் எரிகின்றன. பழைய கிண்ணத்தின் விலையோ வானளாவிவிட்டது. 2016இல் நியூயார்க் நகர ஏலத்தில் எண்ணெய்த் துளிக் கிண்ணம் ஒன்று 1 கோடியே 17 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலை போயிற்று.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இவ்விலையைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ஓர் இலட்சம் கிண்ணங்களை ஒரே சூளையில் அடுக்கிய குயவர், தாம் கலைச்செல்வம் படைப்பதாக எண்ணியிருக்க மாட்டார். கை சுடாத தடிப்பும், நுரையைக் காட்டும் கருமையும், சூளையில் ஒட்டாத அடியும் அமைய வேண்டும் என்பதே அவர் கவலை. அவருள் ஒருவர் பெயரைக்கூட இன்று போற்றுவார் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும், கேட்கத் தெரிந்தவரிடம் பேசுகிறது.

கலைப்பொருள் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று நம் மாணவர் நினைக்கின்றனர். அவர்களுடைய பாட்டன்மார் நாள்தோறும் கையால் தொட்ட பொருள்கள் குப்பைமேட்டில் கிடக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் அவற்றின் பெயரும் பயனும் சொல்வாரின்றிப் போகும். ரப்பர் போனதும் மங்கு என்ற சொல்லே எங்கள் பிள்ளைகளுக்கு அயலாகிவிட்டதை நான் கண்கூடாகக் கண்டேன். நுரை போனதும் கரிய கிண்ணம் தன் நாட்டிலேயே மறக்கப்பட்ட கதையும் இதுதான்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மங்கோ, பால்வாளியோ, உளியோ, அம்மியோ கிடைத்தால் வகுப்பறைக்குக் கொண்டுவந்து மேசைமீது வையுங்கள். இஃது எதனால் ஆனது, எதற்காக இவ்வடிவில் உள்ளது, யார் செய்திருப்பார், யார் பயன்படுத்தினார் என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். வீட்டில் உள்ள முதியோரிடம் விடை கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அவ்வாறு எழுதிய மாணவர், பின்னொரு நாள் பொருட்காட்சிச் சாலையில் முயல்மயிர்க் கிண்ணத்தின் முன் நின்றால், விலைச்சீட்டைத் தேடாமல் அதன் விளிம்பையும் அடியையும் உற்று நோக்குவர்.

எங்கள் மங்கு இப்போது பள்ளி நூலகத்தின் அலமாரியில் இருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதிய ஐந்து வரிகளே அதன் அருகில் வைக்கப்பெற்றுள்ள விளக்கச் சீட்டு.